கையில் எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை, எக்ஸ்ரேயில் கோடும் தெரிகிறது. இது இயல்புதானா?

பெரும்பாலும் இயல்புதான். கட்டுப் பிரித்ததும் தோல் உரிந்து, கை மெலிந்து, விரல்கள் மட்டும் வீங்கி, "மடக்கு" என்றால் யாருடைய விரலோ என்பதுபோல் அசையாமல் நின்றிருக்கும். அதைப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எந்த எலும்பு என்று நீங்கள் எழுதவில்லை. கையில் 27 எலும்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு விதம். உள்ளங்கை எலும்பு என்றே வைத்துக்கொள்கிறேன், எனக்கு முறிந்தது அதுதான். சுண்டுவிரலின் கணுவுக்குச் சற்று உள்ளே, இடது கையில்.

இடது கை என்றதும் உங்களுக்கும் "அப்பாடா" என்று தோன்றியிருக்கும். எனக்கு இடது கைப் பழக்கம். எழுதுவது, பல் துலக்குவது, பூட்டைத் திறப்பது எல்லாம் அந்தக் கையால்தான். ஆனால் பார்க்க வந்தவர்கள் அத்தனை பேரும் "நல்லவேளை, வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றே ஆறுதல் சொன்னார்கள். மருத்துவச் சான்றிதழிலும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், அதிகம் பயன்படுத்தாத கை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் அதைப் படித்தவர், எழுதும் கை நன்றாகத்தானே இருக்கிறது என்று விடுப்பைக் குறைத்தார். கத்தரிக்கோல், நாற்காலியோடு ஒட்டிய எழுதுபலகை, கணினிச் சுட்டி என்று வாழ்நாளெல்லாம் வலது கைக்காரர்களுக்காகச் செய்த பொருள்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, கை முறியும்போதாவது கொஞ்சம் மரியாதை கிடைக்கக் கூடாதா? இதில் இன்னொரு கூத்து, சுண்டுவிரல் பக்கம் அந்த இடத்தில் முறிந்தால் எதையாவது ஓங்கிக் குத்தியிருப்பீர்கள் என்றே முடிவுகட்டுகிறார்கள். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்ற பெயரே அதற்கு உண்டு. நான் படிக்கட்டில் விழுந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

சரி, உங்கள் விரல்களுக்கு வருகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருத்துவர்கள் யாராவது படித்தால் சண்டைக்கு வராமல் திருத்தினால் போதும். எனக்குப் புரிந்தவரை, இத்தகைய முறிவில் எலும்பு கூடுவதைவிட மூட்டு இறுகிப்போவதுதான் பெரிய தொல்லை. எலும்பு சற்றும் விலகாமல் இருந்தால் 3 அல்லது 4 வாரங்களில் அசைவைத் தாங்கும் அளவுக்குக் கூடிவிடுகிறது. எக்ஸ்ரேயில் கோடு மறைய மாதங்கள் ஆகலாம். அழுத்தினால் வலிக்கிறதா, அசைத்தால் ஆடுகிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்ப்பதும் அதனால்தான். கோட்டை மட்டும் வைத்து அவர் முடிவெடுப்பதில்லை.

எனக்குக் கட்டுப் போட்டபோது விரலின் அடி மூட்டை மடக்கி, நுனிப்பக்க மூட்டுகளை நீட்டி வைத்தார்கள். கோணலாகக் கட்டிவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே புகார். காரணத்தைப் பின்னால் பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். அடி மூட்டின் இரு பக்கமும் உள்ள நார்கள், விரல் மடங்கும்போது இழுபட்டு நிற்கும், நீட்டினால் தளர்ந்துவிடும். தளர்ந்த நிலையிலேயே வாரக்கணக்கில் கட்டிவைத்தால் அவை சுருங்கிவிடும். பிறகு விரலை மடக்குவது பெரும்பாடு. கோணல்போல் தெரிந்த அந்தக் கட்டுதான் என்னைக் காப்பாற்றியது. வீட்டார் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. மருத்துவர் அனுமதித்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் கையைச் சற்று நேரம் வைத்துவிட்டு மெதுவாக மடக்கி நீட்டுங்கள். அடி மூட்டை நேராக வைத்து நடு மூட்டையும் நுனி மூட்டையும் மட்டும் கொக்கிபோல் மடக்குவது ஒன்று, முழுக் கையையும் மூட முயல்வது ஒன்று. ஒரே மூச்சாக அரை மணி நேரம் வதைப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் செய்தது எனக்குப் பலன் தந்தது. காலையில் விறைப்பு அதிகமாக இருக்கும். அதை வைத்து நேற்றைய முன்னேற்றம் போய்விட்டதென்று கணக்குப் போடாதீர்கள். இன்னொருவரை விட்டு விரலைப் பிடித்து வலுவாக வளைக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். இருக்கும் வீக்கம் இரட்டிப்பாகும்.

ஒன்றை இன்றே பார்த்துவிடுங்கள். முடிந்த அளவு விரல்களை உள்ளங்கை நோக்கி மடக்கினால், நுனிகள் எல்லாம் கட்டை விரலின் அடிப்பக்கம் நோக்கிச் சாய வேண்டும். ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால் எலும்பு முறுக்கிக்கொண்டு கூடியிருக்கக்கூடும். பயிற்சியால் அது சரியாகாது, மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். கணு பள்ளமாகத் தெரிகிறதே என்பது வேறு விஷயம். சுண்டுவிரல் எலும்பின் அடியில் அசைவு அதிகம் என்பதால் அங்கே கொஞ்சம் சாய்வு இருந்தாலும் கை வேலை செய்யும். ஆள்காட்டி, நடுவிரல் பக்கம் அந்தச் சலுகை கிடையாது.

எரிச்சலோடு தாங்க முடியாத வலி, தோல் பளபளப்பாக மாறுவது, நிறமும் வியர்வையும் மற்றக் கையிலிருந்து வேறுபடுவது இவற்றில் எது இருந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்க வேண்டாம். அது வெறும் விறைப்பு அல்ல, சீக்கிரம் பார்த்தால்தான் அடங்கும்.

கட்டுப் பிரித்த செய்தி கேட்டு யாராவது பிசைவதற்கு ரப்பர் பந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், எனக்கும் வந்தது. விரல் முழுதாக மடங்கிய பிறகுதான் வலுவேற்றும் பயிற்சி. அதுவரை பந்து அலமாரியிலேயே இருக்கட்டும்.