சாலையோரக் கல்லைப் பார்த்தால் என்ன செய்வது? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்க ஏரிக்கரையில ஒரு பலகைக்கல் பாதி புதைஞ்சு நிக்குது. வில்லோட ஒரு ஆள், சுத்தி எழுத்து மாதிரி கீறல். ஊர்ல வேடியப்பன்னு கும்பிடுறாங்க. இது சாமியா, நடுகல்லா?

பதில்: ரெண்டும்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் வேடியப்பன் என்று பொங்கல் வைக்கிற கற்களில் பல, பூசலில் விழுந்த வீரனுக்கு எடுத்த நடுகற்கள். எழுத்துக்கு அப்புறம் வரலாம், முதலில் உருவத்தைப் பாருங்கள். உடம்பில் அம்பு தைத்திருக்கிறதா? காலடியில் மாடு இருந்தால் பெரும்பாலும் ஆநிரைச் சண்டை. புலியோடு பொருதினால் புலிகுத்திக் கல். வாளைத் தன் கழுத்திலேயே வைத்திருந்தால் நவகண்டம், அதாவது தன்னையே பலி கொடுத்த வீரன். அது வேறு கதை. காலருகே கெண்டியும் (மூக்கு வைத்த நீர்க்கலம்) சிமிழும் செதுக்கியிருப்பதும் உண்டு.

செங்கம் வட்டாரத்துப் பழைய கற்களில் மொழி தமிழ், எழுத்து மட்டும் வட்டெழுத்து, அதாவது அந்தக் காலத்தில் தமிழை எழுதிய வளைந்த எழுத்து. அதனால் 'இது தமிழே இல்லை' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. அதன் பேர் கோவிவன், கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அரசர் புகழைப் பக்கம் பக்கமாகப் பாடும் மெய்க்கீர்த்திகளை விட எனக்கு இந்த நாய் பெரிசு.

கேள்வி: எழுத்து மங்கலா இருக்கு. சுண்ணாம்பு தடவினா தெளிவாத் தெரியுமாமே?

பதில்: வேண்டவே வேண்டாம். சாக்பீஸ், மாவு, எண்ணெய், கம்பி பிரஷ் எதுவும் கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போங்கள்; உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் குழிவுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். படத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். மைப்படி எடுப்பதை, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பதை, பழகினவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, பழைய சாலையில ஒரு கல். மேல XII, கீழே 'ய' மாதிரி ஒண்ணு, பக்கத்துல உ. யார் பேராவது இருக்குமோ?

பதில்: பேர் இல்லை தம்பி, மைல்கல். அந்த 'ய' மாதிரி இருப்பது ௰, அதாவது பத்து. உ மாதிரி இருப்பது ௨. சேர்த்தால் 12, மேலே இருக்கும் ரோம எண்ணும் அதுவே. வெள்ளைக்காரன் காலத்துக் கல். 12 மைல் என்றால் சுமார் 19 கிலோமீட்டர். அந்தத் தொலைவில் எந்தக் கோட்டை, எந்த ஊர் என்று பழைய சாலை வழியாகவே அளந்து பாருங்கள், புறவழிச்சாலையில் கணக்கு உதைக்கும். இன்றைய கற்களுக்கு நிறமே போதும்: தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.

கேள்வி: ரெண்டு கல் நட்டு மேல ஒரு கல் குறுக்கே?

பதில்: சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் இறக்கி ஏற்றத்தான் அந்த உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைக்கிற வழக்கம் உண்டு. குறுக்குக் கல்லின் முகப்பைத் தடவிப் பாருங்கள், பேர் இருக்கலாம்.

கேள்வி: எழுத்தே இல்ல, வெறும் சூலம்தான். வீட்டு வாசல்ல கொண்டு வந்து வச்சுக்கலாமா?

பதில்: கூடாது. சிவன் கோயில் நிலத்துக்கு எல்லையாக நட்டது சூலக்கல். பெருமாள் கோயிலுக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சமணப் பள்ளிக்கு முக்குடைக் கல். அது நிற்கிற இடம்தான் அது சொல்கிற சேதி. பெயர்த்துவிட்டால் வெறும் கல்.

கேள்வி: சாலை அகலப்படுத்துறாங்க சார், அடுத்த வாரம் ஜேசிபி வந்துரும்.

பதில்: இன்றைக்கே போய் நாலு பக்கமும் படம் எடுத்து, ஜிபிஎஸ் புள்ளியும் கல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் மனு, நகல் மாநிலத் தொல்லியல் துறைக்கு. வாயால் சொன்னால் போதாது, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஜேசிபி ஓட்டுநரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.