'அப்பா, இன்னிக்கு ஜெயிச்சாச்சா?'

கேள்வி: ஐயா, எனக்கு வயது 42. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மனைவியும் வேலைக்குப் போகிறாள். பத்து வயதில் ஒரு மகள். ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் 2005 இறுதியாட்டத்தைப் பார்த்த இரவிலிருந்து நான் இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு ரசிகன். ஒரு ஆட்டத்தையும் விடுவதில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான். 'வீட்டில்தான் இருக்கிறீர்கள், ஆனால் இல்லை' என்கிறாள் மனைவி. போன மாதம் நள்ளிரவு ஆட்டம் பார்த்துவிட்டுப் போய், காலைக் கூட்டத்தில் கண்ணயர்ந்து, எல்லார் முன்னாலும் மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். மகள்கூட, பள்ளி நோட்டில் கையெழுத்து வாங்க வந்தால் 'அப்பா, இன்னிக்கு ஜெயிச்சாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டை நீட்டுகிறாள். கால்பந்து பார்ப்பதையே விட்டுவிட வேண்டுமா? விட்டால் எனக்கு என்ன மிஞ்சும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் பயமில்லாமல் படியுங்கள்.

மனைவி சொன்னதையும் மேலாளர் பேசியதையும் விளக்கமாக எழுதிவிட்டு, மகளைப் பற்றி ஒரே வரியில், அதுவும் 'மகள்கூட' என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். அவள் லிவர்பூலைப் பற்றிக் கேட்கவில்லை, நண்பரே. வெளியே கிளம்பும் முன் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்போமே, அப்படி உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். அந்த நோட்டில் குறைந்த மதிப்பெண் இருக்கலாம், ஆசிரியர் எழுதிய ஒரு குறிப்பு இருக்கலாம். ஜெயித்த நாளில் நீட்டுகிறாள். தோற்ற நாளில் என்ன செய்கிறாள்? அம்மாவிடம் போகிறாளா, கையெழுத்து இல்லாமலே பள்ளிக்குப் போய் நிற்கிறாளா? உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நானும் அந்த முகத்தோடு இருந்தவன். 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நான் நெதர்லாந்து பக்கம். 1974, 1978 என்று இரண்டு இறுதியாட்டங்களில் தோற்ற அணி, இந்த முறையாவது என்று உட்கார்ந்திருந்தேன். கூடுதல் நேரத்தில், 116ஆவது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியெஸ்தா கோல் அடித்தார். ஸ்பெயினுக்குக் கோப்பை. மறுநாள் திங்கட்கிழமை காலை. என் மகன் ஷூ லேஸைக் கட்டத் தெரியாமல் என் முன்னால் வந்து நின்றான். அவனைத் திட்டினேன். எப்படித் திட்டினேன் என்று இங்கே எழுத மனமில்லை. அவன் பதில் பேசவில்லை, லேஸை அப்படியே ஷூவுக்குள் திணித்துக்கொண்டு போனான். அன்று ஸ்பெயின் தோற்றிருந்தால் அந்த லேஸைக் குனிந்து கட்டிவிட்டிருப்பேன். ஒரு குழந்தைக்குக் கிடைக்கிற அன்பை எங்கோ ஜொகன்னஸ்பர்க்கில் விழுந்த ஒரு கோல் தீர்மானித்தது என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்தேன்.

சரி, நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், கணக்குப் போட்டே பார்ப்போம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஓர் அணிக்கு 38 ஆட்டங்கள். சாம்பியன்ஸ் லீக், உள்நாட்டுக் கோப்பைப் போட்டிகள் எல்லாம் சேர்த்தால் 50ஐ ஒட்டி வரும். இடைவேளையோடு ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 100 மணி நேரம், வாரத்துக்குச் சராசரியாக இரண்டு மணி நேரம். வாரம் இரண்டு மணி நேரத்துக்காக எந்த மனைவியும் 'நீங்கள் வீட்டில் இல்லை' என்று சொல்லமாட்டார். அப்படியென்றால் அவர் சொல்வது இந்த 100 மணி நேரத்தை அல்ல. ஆட்டத்துக்கு முன் யார் யார் இறங்குகிறார்கள் என்று போனைத் துழாவும் நேரம், முடிந்தபின் அலசல் கேட்கும் நேரம், யாரை வாங்கப்போகிறார்கள் என்ற செய்திகளைத் தேடும் நேரம், நமக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம், அப்புறம் தோற்றபின் நீளும் அந்த மௌனம். இவற்றை ஒரு மாதத்துக்குக் குறித்துப் பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். நீங்கள் விட வேண்டியது அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஆட்டத்தை அதில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் ரசிகரான இரவை நானும் பார்த்தேன். இஸ்தான்புல். இடைவேளையில் இத்தாலியின் மிலான் அணி 3-0 என்று முன்னிலை. அதன்பின் ஆறே நிமிடத்தில் லிவர்பூலுக்கு மூன்று கோல்கள், கூடுதல் நேரம், கடைசியில் பெனால்டியில் 3-2 என்று லிவர்பூல் வென்றது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் ஆயுளுக்கும் ரசிகராவது எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் அன்று உங்களுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருந்திருக்காது. இரவு முழுவதும் உங்களுடையது. விடியும்வரை விழித்திருந்தாலும் கேட்க ஆளில்லை. அந்த வயதில் பார்த்த மாதிரியே இன்றும் பார்க்கிறீர்கள். இன்று அந்த இரவில் மூன்று பேருக்குப் பங்கு இருக்கிறது.

'எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்' என்று எழுதியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அலுவலக வேலைக்கு முடிவு என்று ஒன்று இல்லை. இந்த மாதக் கணக்கை முடித்தால் அடுத்த மாதக் கணக்கு வந்து நிற்கும், செய்தது நன்றாக இருந்ததா என்று சொல்லக்கூட ஆளிருக்காது. ஆட்டம் அப்படியில்லை. நடுவர் விசில் ஊதினால் முடிந்தது, யார் ஜெயித்தார்கள் என்பது பலகையில் தெரிகிறது. நாள் முழுவதும் முடியாத வேலையில் கிடப்பவனுக்கு, முடிகிற ஒன்றைப் பார்ப்பது பெரிய ஆறுதல். அதைப் பிடுங்கிப் போட்டால் எரிச்சல் வேறு வழியில் வரும். ஆனால் உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறவர். வீட்டு வேலைக்கும் விசில் கிடையாது. அவருக்கென்று இருக்கும் அந்த ஒன்று எது? கடிதத்தில் தேடினேன், இல்லை.

அதனால் மாதத் தொடக்கத்தில் ஆட்ட அட்டவணையை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் பார்த்தே ஆக வேண்டியவை எவை, கோல்களை மட்டும் பிறகு பார்த்தால் போதும் என்பவை எவை என்று அவர் முன்னாலேயே பிரியுங்கள். தொலைக்காட்சிக்காகத் தேதியை மாற்றுவார்கள், அப்போது மறுபடியும் கேளுங்கள். நீங்கள் எடுக்கும் அதே அளவு மணி நேரம் அவருக்கும். அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார், எங்கே போகிறார் என்று கேட்கக் கூடாது. வீடும் மகளும் முழுக்க உங்கள் பொறுப்பு. அது எங்கே இருக்கிறது, இது எங்கே இருக்கிறது என்று போன் போடவும் கூடாது. முதல் சில வாரம் அவர் நம்பமாட்டார். நம்பும்வரை செய்யுங்கள்.

அலுவலக விஷயம் இதைவிட எளிது. நள்ளிரவைத் தாண்டும் ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் முக்கியமான கூட்டம் இருந்தால் அந்த ஆட்டம் உங்களுக்கு இல்லை. தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் ஆட்டம் என்றால் 90 நிமிடத்தோடு 30 நிமிடம் கூடலாம், பெனால்டியும் வரலாம், மூன்று மணி நேரம் ஆகிவிடும். அந்த மாதிரி நாளுக்கு முன்கூட்டியே அரை நாள் விடுப்பு சொல்லிவிடுங்கள். உலகக் கோப்பைக்கும் இதே வழிதான். 2022இல் 64 ஆட்டங்கள் இருந்தன, 2026இல் 48 அணிகள், 104 ஆட்டங்கள். வேலைக்குப் போகிற மனிதரால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. பத்தைத் தேர்ந்தெடுங்கள். ரசிகர் என்பதில் ஒன்றும் குறைந்துவிடாது.

மறுபடியும் மகளிடம் வருகிறேன். அவள் ஸ்கோர் கேட்பதை வைத்து அவளுக்குக் கால்பந்தில் ஆர்வம் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார வைத்து ஆஃப்சைடு விதியை விளக்கத் தொடங்கிவிடாதீர்கள். அவளாகக் கேட்டால் சொல்லுங்கள். இப்போதைக்கு ஆட்டம் தொடங்கும் முன்னால் நீங்களே அவளிடம் போய் 'கையெழுத்துப் போட ஏதாவது இருக்கா?' என்று கேளுங்கள். மதிப்பெண் எதுவாக இருந்தாலும் அன்று கையெழுத்து மட்டும் போடுங்கள், பேச்சை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் தோல்வியில் முடிந்தால் உடனே அறையை விட்டு வராதீர்கள். முகம் கழுவி, பத்து நிமிடம் கழித்து வாருங்கள். 'இன்னிக்கு தோத்துட்டோம்மா, அப்பாவுக்கு வருத்தமா இருக்கு, உன் மேல ஒண்ணும் இல்ல' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வருத்தத்தை மறைக்கச் சொல்லவில்லை. அது தன்னால் வந்ததல்ல என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

என் மகன் இப்போது வளர்ந்துவிட்டான். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி அவனிடம் பேச எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் மகளுக்கு வயது பத்துதான்.

லிவர்பூல் அடுத்து தோற்கும் நாளில் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவள் என்ன கேட்டுக்கொண்டு நோட்டை நீட்டினாள் என்று அதில் சொல்லுங்கள்.