கோல்டு கார்டு இப்போதே வேண்டுமா?

கேள்வி: வணக்கம். நியூ ஜெர்சி எடிசனுக்குக் குடிவந்து பத்து மாதம் ஆகிறது. மனைவி, மூன்று வயது மகள். வந்த புதிதில் 500 டாலர் டெபாசிட் கட்டி வாங்கிய செக்யூர்டு கார்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது, ஸ்கோர் 712 காட்டுகிறது. அலுவலக நண்பர் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கோல்டு எடுக்கச் சொல்கிறார். அது சார்ஜ் கார்டு, லிமிட்டே கிடையாது, பாயிண்டிலேயே சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடலாம் என்கிறார். இவ்வளவு சின்ன கிரெடிட் ஹிஸ்டரிக்குத் தருவார்களா? மறுத்துவிட்டால் ஸ்கோர் இறங்குமா? மளிகை, ஓட்டல் எல்லாம் சேர்த்து மாதம் 800 டாலர் ஆகிறது. காஸ்ட்கோவில் 300, மற்ற சூப்பர்மார்க்கெட்டில் 300, வெளியே சாப்பிடுவது 200.

பதில்: தரலாம். ஃபைகோ என்ற, இங்கே பெரும்பாலான வங்கிகள் பார்க்கும் கிரெடிட் ஸ்கோர் உருவாகவே குறைந்தது ஆறு மாதம் ஓடிய கணக்கு ஒன்று வேண்டும், அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மறுத்தால் என்ன ஆகும் என்ற பயமும் வேண்டாம். அமெக்ஸில் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸில்) விண்ணப்பித்தால் கார்டு உண்டா இல்லையா என்று முதலில் சொல்லிவிடுகிறார்கள், நீங்கள் சரி என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஹார்டு இன்க்வயரி, அதாவது ஸ்கோரைச் சற்று இறக்கக்கூடிய விசாரிப்புப் பதிவு, ரிப்போர்ட்டில் விழும். அது ரிப்போர்ட்டில் இரண்டு ஆண்டு தெரிந்தாலும் ஃபைகோ கணக்கில் எடுத்துக்கொள்வது ஓர் ஆண்டுக்குத்தான்.

கிடைக்கும் என்பதால் எடுக்க வேண்டுமா? எனக்குக் கவலை அதில்தான்.

லிமிட்டே கிடையாது என்று நண்பர் சொன்னது பாதி சரி. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த லிமிட் கிடையாது, அவ்வளவுதான். உங்கள் வருமானம், செலவு, பில் கட்டிய பழக்கம் எல்லாவற்றையும் பார்த்து உள்ளுக்குள் ஓர் எல்லை வைத்திருப்பார்கள், புதியவருக்கு அது சிறியதாகவே இருக்கலாம். பெரிய தொகை எதையாவது தேய்ப்பதற்கு முன் அமெக்ஸ் கணக்கில் 'செக் ஸ்பெண்டிங் பவர்' என்ற இடத்தில் அந்தத் தொகையைப் போட்டுப் பாருங்கள், போகுமா போகாதா என்று தெரிந்துவிடும். அப்புறம், சார்ஜ் கார்டு என்றால் மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டியே ஆக வேண்டும் என்பது பழைய நிலைமை. இப்போது கோல்டிலும் 'பே ஓவர் டைம்' வந்துவிட்டது, பாக்கி வைக்கலாம், வைத்தால் வட்டி ஏறும். அந்த வட்டிக்கு முன்னால் எந்தப் பாயிண்டும் நிற்காது.

நண்பர் சொல்லாத இன்னொன்று இருக்கிறது, உங்களைப் போல ஒரே ஒரு கார்டு வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம். ஃபைகோவில் 35 சதவீதம் தவணை தவறாமல் கட்டியதற்கு, 30 சதவீதம் கடன் அளவுக்கு. லிமிட்டில் எவ்வளவு பங்கை உபயோகித்திருக்கிறீர்கள் என்பதையும் அந்த 30-இல்தான் பார்க்கிறார்கள். 500 டாலர் லிமிட்டில் 400 செலவழித்து அது அப்படியே ஸ்டேட்மென்ட்டில் வந்தால் 80 சதவீதம் என்று பதிவாகும், நீங்கள் மறுநாளே முழுசாகக் கட்டினாலும். சார்ஜ் கார்டுக்கு லிமிட் இல்லாததால் புதிய ஃபைகோ முறைகள் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக கோல்டு எடுத்தாலும் இந்த 500 டாலர் நெருக்கடி அப்படியேதான் இருக்கும். 3,000 டாலர் லிமிட் உள்ள சாதாரண கார்டு ஒன்று கிடைத்தால் அதே 400 டாலர் செலவு, மொத்த லிமிட்டான 3,500-இல், 12 சதவீதத்துக்குள் வந்துவிடும்.

இனி பாயிண்ட் கணக்கு. கோல்டுக்கு ஆண்டுக்கட்டணம் 325 டாலர். ஓட்டலிலும் அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டிலும் டாலருக்கு 4 பாயிண்ட். காஸ்ட்கோவை முதலிலேயே கழித்துவிடுங்கள், 2016-இலிருந்து அந்தக் கடைகளில் கிரெடிட் கார்டு என்றால் விசா மட்டும்தான். வால்மார்ட், டார்கெட் போன்றவை சூப்பர்மார்க்கெட் கணக்கில் வராது. நம் இந்திய மளிகைக் கடை என்னவென்று பதிவாகியிருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும், ஒரு தடவை வாங்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மீதி மாதம் 500 டாலர், ஆண்டுக்கு 6,000, அதாவது 24,000 பாயிண்ட். பில்லில் கழித்துக்கொண்டால் பாயிண்டுக்கு 0.6 சென்ட், 144 டாலர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்ற விமான நிறுவனங்களுக்கு மாற்றி நல்ல தேதியில் டிக்கெட் கிடைத்தால் மதிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று பேருக்கு, பள்ளி விடுமுறை நேரத்தில், சென்னைக்கு? 24,000 பாயிண்டை வைத்துக்கொண்டு அந்தக் கனவு வேண்டாம். ஊபருக்கு மாதம் 10 டாலர், டங்கின் காபிக் கடைக்கு மாதம் 7 டாலர் என்று கோல்டில் திரும்பத் தருவதும் அந்தந்த மாதத்தோடு போய்விடும். இப்போதே மாதாமாதம் ஊபரில் போகிறவராக இருந்தால் மட்டும் அதைப் பணமாக எண்ணுங்கள்.

இதோடு, கட்டணமே இல்லாத புளூ கேஷ் எவ்ரிடேயை வைத்துப் பாருங்கள். அதே அமெக்ஸ்தான். சூப்பர்மார்க்கெட்டில் ஆண்டுக்கு 6,000 டாலர் வரை 3 சதவீதம், ஓட்டலில் 1 சதவீதம். உங்கள் செலவுக்கு 108-ம் 24-ம் சேர்ந்து 132 டாலர், பைசா கட்டாமல். லிமிட்டும் உண்டு, எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் சும்மா வைத்திருக்கலாம்.

ஆகவே அதை எடுங்கள், கோல்டு ஒன்றிரண்டு ஆண்டு பொறுக்கட்டும். கோல்டின் வெல்கம் போனஸ் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான், அதற்கு வழக்கமாக ஆறு மாதத்தில் 6,000 டாலர் செலவழிக்கச் சொல்வார்கள். கார்டில் மாதம் 500 போகும் வீட்டில் மீதி 500-க்கு வேண்டாததை வாங்கத் தோன்றும். ஊருக்கு டிக்கெட் போடும் வருஷமோ, வீட்டுக்குச் சாமான் வாங்கும் வருஷமோ வரும்போது அது தானாகவே நிறைந்துவிடும்.

கார்டு வந்த அன்றே ஆட்டோபே போடுங்கள், முழுத் தொகைக்கு, மினிமத்துக்கு அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் இங்கே வந்த முதல் வருஷம் ஒரு துணிக்கடைக் கார்டு எடுத்து, வீடு மாறியதில் பில் பழைய முகவரிக்குப் போய், 38 டாலருக்கு முப்பது நாள் தாண்டிவிட்டது. அந்த ஒரு வரி ஏழு ஆண்டு என் ரிப்போர்ட்டில் இருந்தது.

கேள்வி: அடுத்த மாதம் டாலஸுக்கு வேலைக்குப் போகிறேன். இந்தியாவில் என் கிரெடிட் ஸ்கோர், அதாவது சிபில், 790. அங்கே அதற்கு மதிப்பு உண்டா?

பதில்: தானாக வந்து சேராது. சிபில் 900 வரை, ஃபைகோ 850 வரை, இரண்டும் வேறு வேறு. ஆனால் அமெக்ஸ் 2019-இலிருந்து நோவா கிரெடிட் என்ற நிறுவனம் மூலம் இந்திய ரிப்போர்ட்டைப் பார்க்க ஒத்துக்கொள்கிறது, விண்ணப்பத்தில் அதற்கான இடம் வரும். இந்திய அமெக்ஸ் கார்டு ஏற்கெனவே வைத்திருந்தால் அதைக் காட்டியும் அமெரிக்காவில் கேட்கலாம், மூன்று மாதமாவது ஓடியிருக்க வேண்டும். எதுவானாலும் இந்தியாவில் இருக்கும் கார்டு பாக்கியைக் கட்டி முடித்துவிட்டு, ஓடிபி வரும் எண்ணை ரோமிங்கில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.