சிலந்தியைப் பார்த்து எழுதட்டும், வௌவாலைப் படித்து எழுதட்டும்

கேள்வி: மூன்றாம் வகுப்புக்குக் கற்பிக்கிறேன். வௌவால், சிலந்தி ஆகியவற்றைப் பற்றித் தகவல் கட்டுரை எழுதச் சொன்னால், பாதிப் பிள்ளைகள் கதை எழுதிவிடுகிறார்கள். மீதிப் பேர் புத்தகத்தில் உள்ளதை வரி பிசகாமல் எடுத்து எழுதுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றுதான். சொல்வதற்குத் தனக்கென்று ஒரு செய்தி கையில் இல்லாத பிள்ளை, கற்பனையையோ புத்தகத்தையோ பற்றிக்கொள்கிறது. எனவே எழுத வைப்பதற்கு முன்னால் செய்தி சேர்க்கப் பழக்க வேண்டும். சிலந்தியைப் பகல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்க்கலாம். இருட்டில் பறக்கும் வௌவாலை அப்படிப் பார்க்க முடியாது, படித்துத்தான் அறிய வேண்டும். ஆகவே சிலந்தியிலிருந்து தொடங்குவதே நல்லது.

சன்னல் மூலையில் வலை கட்டியிருக்கும் ஒரு சிலந்தியின் முன் பிள்ளைகளைச் சிறு குழுக்களாக நிறுத்தி, தொடாமல் பத்து நிமிடம் பார்க்கச் செய்து, பிறகு படம் வரையச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஒரே ஒரு உருண்டை வரைந்து அதைச் சுற்றிலும் கால்களை ஒட்டிவைப்பார்கள். திரும்பப் போய்ப் பார்க்கச் சொன்னால், உடல் இரண்டு பகுதியாக இருப்பதும், எட்டுக் கால்களும் முன்பகுதியிலிருந்தே கிளம்புவதும் தெரியும். படத்தைத் திருத்திய கையோடு அதை ஒரு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்காத முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே நம் மொழியே ஒரு நல்ல பாடத்தை வைத்திருக்கிறது. எட்டுக்கால் பூச்சி என்று நாம் அழைப்பது பூச்சியே அல்ல; பூச்சிக்கு ஆறு கால்கள், மூன்று உடற்பகுதிகள். பெயர் ஒன்று சொல்ல, எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது என்பதைவிடச் சுவையான தொடக்கம் ஒரு சிறுவர் கட்டுரைக்கு அமைவது அரிது.

அடுத்து, ‘எல்லா’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ‘எல்லாச் சிலந்திகளும் வலை பின்னும்’ என்று பிள்ளைகள் தயங்காமல் எழுதுவார்கள். சிலந்திகளில் 50,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றில் தாவும் சிலந்திகள் போன்றவை வலை விரித்துக் காத்திராமல் இரையின்மேல் பாய்ந்து பிடிக்கின்றன. ‘எல்லா’, ‘பெரும்பாலான’, ‘சில’ ஆகிய மூன்று சொற்களையும் இடமறிந்து எழுதக் கற்ற பிள்ளை, தகவல் எழுத்தில் பாதிக் கிணறு தாண்டிவிட்டது என்பேன்.

வௌவாலுக்கு வரும்போது முறை மாறுகிறது. ஒரு பத்தியை உரக்கப் படித்துக் காட்டி, புத்தகத்தை மூடிவிட்டு, கேட்டதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாயால் சொல்லச் செய்யுங்கள். குறிப்பேட்டில் ‘விரல், தோல், இறக்கை’ என்பதுபோல மூன்று நான்கு சொற்களுக்கு மேல் எழுத விடாதீர்கள். வாக்கியம் கையில் இருந்தால்தானே பார்த்து எழுத முடியும்? இருப்பது சொற்கள் மட்டுமே என்றால், வாக்கியத்தைத் தாமே அமைத்தாக வேண்டும்.

முதல் வரைவு அநேகமாக இப்படி இருக்கும்: ‘வௌவால் ஒரு பறவை. அதற்குக் கண் தெரியாது. அது பாவம்.’ சிவப்பு மையில் அடிக்காமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் தேடிப் புத்தகத்துக்குத் திரும்பும் பிள்ளையின் இரண்டாம் வரைவு இப்படி மாறக்கூடும்: ‘வௌவால் பறவை இல்லை. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அதன் இறக்கை உண்மையில் ஒரு கை. நீளமான விரல்களுக்கு நடுவே தோல் இருக்கும். அதற்குக் கண் தெரியும். ஆனால் பூச்சி பிடிக்கும் வௌவால் சத்தமிட்டு, அதன் எதிரொலியைக் கேட்டு இரையைக் கண்டுபிடிக்கும்.’ விரல்களை விரித்துத் தன் கையையே பார்த்த பிள்ளைக்கு மூன்றாவது வாக்கியம் எளிதில் வரும். ‘பாவம்’ என்பது செய்தி அன்று, கருத்து. விருப்பப்பட்டால் கடைசிப் பத்தியில், ‘எனக்கு’ என்று தொடங்கி எழுதிக்கொள்ளட்டும். பழந்தின்னி வௌவால்கள் பெரும்பாலும் பெரிய கண்களையும் மோப்பத்தையும் நம்பியே உணவு தேடுகின்றன என்பதால், ‘எல்லா’ என்ற பொறி இங்கேயும் உண்டு.

தரையில் கிடக்கும் வௌவால் வெறிநோய்க் கிருமியைச் சுமந்திருக்கக்கூடும் என்பதால், எந்த வௌவாலையும் தொடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்ல நினைத்தால், ஒற்றுமை வேற்றுமை என்று கட்டம் போட வேண்டாம். கட்டத்தை நிரப்புவதிலேயே கவனம் போய்விடும். ‘இரை இருக்குமிடத்தை இவை எப்படி அறிகின்றன?’ என்று ஒரே கேள்வி கொடுங்கள். வலை கட்டிய சிலந்தி நூலின் அதிர்வைக் கால்களால் உணர்ந்து இருந்த இடத்திலேயே காத்திருக்கிறது, பூச்சி பிடிக்கும் வௌவால் எதிரொலியைப் பின்பற்றித் தேடிப் போகிறது என்ற வேறுபாடு பிள்ளைக்குத் தானே பிடிபடும்.

எழுத்துப் பிழைகளைக் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். வௌவால், வவ்வால் இரண்டும் வழக்கில் இருப்பதால், ஒன்றைத் தேர்ந்து முதல் நாளே பலகையின் ஓரத்தில் எழுதிப் போட்டுவிடுங்கள்.