லும்பினிக்குப் போக ஆளுக்கு 2,000 ரூபாய் பெர்மிட்டா?

கேள்வி: நானும் கணவரும் 67 வயது அம்மாவும் மதுரையிலிருந்து கோரக்பூர் போய், அங்கிருந்து டாக்சியில் புத்தர் பிறந்த லும்பினிக்குப் போகிறோம். நேபாள பெர்மிட்டுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார் ஏஜென்ட். எங்களிடம் ஆதார் இருக்கிறது. போதாதா?

பதில்: அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. இந்தியர்கள் நேபாளம் போக விசாவும் வேண்டாம், பெர்மிட்டும் வேண்டாம். 1950 ஒப்பந்தத்தின்படி வந்த வசதி இது. சுனௌலி எல்லையை நடந்தே தாண்டலாம். அனுமதி வாங்க வேண்டியது வண்டிக்குத்தான். இந்திய டாக்சி உள்ளே போக அங்கே சுங்கத்தில் 'பன்சார்' என்கிற வண்டிக் கட்டணம் கட்டணும், அந்த ரசீதை நீட்டி "ஆளுக்கும் சேர்த்துத்தான்" என்று கறந்துவிடுகிறார்கள். டாக்சியை எல்லையிலேயே அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் பைரஹவாவில் நேபாள வண்டி பிடியுங்கள், இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்.

ஆதார் விஷயம் வேறு. உங்களுக்கும் கணவருக்கும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. அம்மாவுக்குச் செல்லும், ஏனென்றால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 15 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கும் மட்டும் ஆதார், பான் அட்டை மாதிரி போட்டோ உள்ள அடையாளச் சான்று போதும் என்று விதி இருக்கிறது. ஆனால் அட்டையில் பிறந்த தேதி முழுசாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். சில பழைய ஆதாரில் வருடம் மட்டும்தான் இருக்கும், 65-ஐ ஒட்டிய வயது என்றால் அது வம்பு. அம்மாவுக்கு 67, அதனால் பயமில்லை, இருந்தாலும் வாக்காளர் அட்டை இருந்தால் அதையும் பையில் போடுங்கள். இந்த நாலு வரியை எல்லையில் நம் மொழிகளிலும் பெரிசாக எழுதி வைக்க அரசாங்கத்துக்கு என்ன செலவாகிவிடும்? பாதிப் புரோக்கர்களுக்குப் பிழைப்பு போய்விடும்.

உள்ளே போனதும் குளக்கரை அரசமரத்தைக் காட்டி, புத்தர் இதன் அடியில்தான் பிறந்தார் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள். பிறந்தது சால மரத்தடியில் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படுவது. நீங்கள் நின்று பார்க்க வேண்டியது அசோகர் தூண். 1896-ல் அடையாளம் கண்டார்கள். பட்டத்துக்கு வந்த இருபதாம் ஆண்டில் தானே நேரில் வந்து வணங்கினேன், சாக்கியமுனி புத்தர் இங்கே பிறந்ததால் இந்த ஊருக்கு வரியை நீக்கி, விளைச்சலில் எட்டில் ஒரு பங்கு மட்டும் என்று வைத்தேன் என்று பிராமி எழுத்தில் வெட்டியிருக்கிறார். புத்தர் பிறந்த இடம் இதுதான் என்பதற்கு இதைவிடப் பழைய கல்வெட்டுச் சான்று கிடையாது. எனக்கு அந்தத் தூணை விட்டு நகரவே மனம் வராது.

பக்கத்திலேயே மாயாதேவி கோயில். செருப்பைக் கழற்றணும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். விகாரைகள் கிழக்கே தேரவாதம், மேற்கே மகாயானம் என்று பௌத்தப் பிரிவுவாரியாக கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீளத் தோட்டத்தில் பரந்து கிடக்கின்றன, அம்மாவை நடக்கவிடாமல் ரிக்‌ஷா பேசிக்கொள்ளுங்கள்.