ஸ்டீராய்டு மாத்திரையும் பல் கூச்சமும்: எதை வீட்டிலேயே சமாளிக்கலாம், எதற்கு உடனே வர வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 44. முடக்குவாதத்துக்காக (சரவாங்கி) எட்டு மாதமாக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறேன். 20 மில்லிகிராமில் தொடங்கி, இப்போது 7.5-க்கு வந்திருக்கிறேன். கூடவே மூட்டு நோய்க்காக வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், எலும்பு தேயாமல் இருக்க வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட். இரண்டு மாதமாகப் பல் கூச்சம் தாங்கவில்லை. பானைத் தண்ணீர் கூடக் குடிக்க முடியவில்லை. ஸ்டீராய்டுதான் பல்லைக் கெடுக்கிறதா? நிறுத்திவிடலாமா? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை இரண்டு நாள் போட்டேன், தொடரலாமா? எந்த பேஸ்ட் வாங்குவது?

பதில்: பல் கூசுகிறது என்பதற்காகப் பிரெட்னிசலோனை நீங்களாக நிறுத்தவே கூடாது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். நீங்களோ எட்டு மாதமாக எடுக்கிறீர்கள். திடீரென்று விட்டால் கடும் அசதி, வாந்தி, ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். உங்கள் மூட்டு மருத்துவர் 20-லிருந்து 7.5-க்குப் படிப்படியாக இறக்கியதும் இதற்காகத்தான்.

மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள். பல்வலி என்று கேட்டால் பெரும்பாலும் டைக்லோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகையில் ஏதாவது ஒன்றைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்டீராய்டோடு இவை சேரும்போது இரைப்பையில் புண்ணும் ரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. மெத்தோட்ரெக்சேட் உடம்பிலிருந்து வெளியேறுவதையும் இவை தாமதப்படுத்தலாம். மூட்டுக்காக உங்கள் மருத்துவரே அப்படி ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு. அவர் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருப்பார். நீங்களாக மேலும் ஒன்றைச் சேர்ப்பதுதான் ஆபத்து. தவிர்க்க முடியாத வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். அதையும் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். மலம் கருப்பாகப் போனாலோ, மேல்வயிறு எரிந்து வலித்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள்.

இன்னொன்று, சாதாரணப் பல் கூச்சத்துக்கு வலி மாத்திரையால் பெரிய பயன் கிடையாது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. எனாமல் தேய்ந்தோ ஈறு இறங்கியோ குழாய்களின் வாய் திறந்துவிட்டால், குளிர்ச்சியோ இனிப்போ புளிப்போ பட்டதும் அந்தத் திரவம் சட்டென்று நகரும். உள்ளே இருக்கும் நரம்பு அதை உணர்ந்து சுரீரென்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் சோதனைகள் மூலம் விளக்கியது இது. குழாயின் வாயை அடைத்தாலோ, நரம்பின் துடிப்பைத் தணித்தாலோதான் கூச்சம் குறையும்.

சரி, ஸ்டீராய்டுதான் காரணமா? பிரெட்னிசலோன் மாத்திரை எனாமலைக் கரைப்பதில்லை. ஆனால் சுற்றிவளைத்துப் பல வழிகளில் பல்லைத் தொடுகிறது. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் வேகமாகும், ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும். வேரின் மேல் எனாமல் கிடையாது, அதனால் முதலில் கூசுவது அங்கேதான். சிலருக்கு நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் வரும். படுத்தபின் வயிற்று அமிலம் வாய் வரை வந்தால், பற்களின் உட்பக்கம் மெல்லமெல்லத் தேயும். மாத்திரையை மாலையில் போடுபவர்களுக்குத் தூக்கம் கெட்டு, இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கமும் வரலாம். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாத வரை, காலை உணவுக்குப் பிறகு போடுவது தூக்கத்துக்கும் நல்லது, வயிற்றுக்கும் நல்லது.

இதையெல்லாம் விட, உங்கள் விஷயத்தில் எனக்கு அதிகச் சந்தேகம் மூட்டு நோயின் மேல்தான். இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

ஒன்று, வாய் வறட்சி. முடக்குவாதம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஷோகிரன் நோயும் சேர்ந்தே வரும். அது உமிழ்நீர்ச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் தாக்கும். பன், ரஸ்க் போன்றவை தண்ணீர் இல்லாமல் இறங்கவில்லையா? இரவில் எழுந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதா? கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா? ஆமாம் என்றால் அடுத்த முறை மூட்டு மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். உமிழ்நீர் என்பது வெறும் ஈரம் இல்லை. சாப்பாட்டில் வரும் அமிலத்தைச் சமன்செய்வதும், எனாமல் இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பிக் கொடுப்பதும் அதுதான். வாயின் அமிலநிலை (pH, இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். வெளியே தெரியும் வேருக்கு அவ்வளவு கூட வேண்டாம், அதற்கு முன்பே கரையும். உமிழ்நீர் குறைந்த வாயில் இது ஒவ்வொரு காப்பிக்கும் ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் நடக்கிறது.

இரண்டாவது, உங்கள் கை. இதை யாரும் கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் விரல்கள் விறைத்திருக்கும். பிரஷை விரல்நுனியில் பிடிக்க முடியாது, முஷ்டியால் பிடித்து முழங்கையிலிருந்து இழுப்பீர்கள். அந்தப் பிடியில் பிரஷ் பக்கவாட்டில் அழுத்தமாகத்தான் ஓடும். வலதுகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது பக்கக் கோரைப்பல், அதற்கு அடுத்த சிறு கடைவாய்ப்பற்களில் ஈறு ஓரமாக வெட்டினாற்போல் பள்ளம் விழுவதை நிறையப் பார்க்கிறோம். கண்ணாடியில் பாருங்கள், நகத்தை மெதுவாக ஓட்டினால் இடறும். அப்படி இருந்தால் உங்கள் கூச்சத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான். இதற்கு வழி எளிது. பிரஷின் கைப்பிடியில் பழைய துணியையோ சைக்கிள் ஹேண்டில் ரப்பரையோ சுற்றித் தடிமனாக்குங்கள். மிகவும் மென்மையான நார் உள்ள பிரஷ் வாங்குங்கள். வசதி இருந்தால் பேட்டரி பிரஷ், அழுத்தாமல் பல்லின் மேல் வைத்தாலே போதும். காலையில் விரல் விறைப்பாக இருக்கும்போது அவசரமாகத் தேய்ப்பதைவிட, கை இளகியபின் நிதானமாகத் துலக்குங்கள். இரவு படுக்கும் முன் துலக்குவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீராய்டு வீக்கத்தையும் காய்ச்சலையும் அடக்கும் மருந்து. மூட்டில் செய்யும் அதே வேலையை அது பல்லிலும் செய்யும். வேர்நுனியில் சீழ் கட்டியிருந்தாலும் முகம் பெரிதாக வீங்காது, காய்ச்சல் தெரியாது, வலி மந்தமாக இருக்கும். மற்றவர்களுக்கு அலறித் துடிக்கிற அளவு போயிருக்கும் தொற்று, உங்களுக்குக் 'கொஞ்சம் கூசுகிறது' என்ற அளவிலேயே நிற்கலாம். அதனால்தான், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கூச்சத்தைக் கூச்சம்தான் என்று தாங்களே முடிவுகட்டக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று வந்து, தண்ணீர் போனதும் உடனே போய்விட்டால் அது பெரும்பாலும் வெறும் கூச்சம். தண்ணீரை விழுங்கிய பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நின்றால் பல்லின் உள்ளே நரம்புக்கூழ் பாதிக்கப்பட்டிருக்கிறது. சூடு பட்டால் வலிப்பது, எதுவும் படாமலே வலிப்பது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புவது, கடித்தால் ஒரே பல்லில் குத்துவது, இவை எதுவும் கூச்சம் இல்லை. அந்த வாரமே பல் மருத்துவரிடம் போங்கள்.

மேல்தாடைப் பற்களில் வலியோடு கன்னம் மரத்துப்போவது, மூக்கடைப்பு, திடீரென்று பல் ஆடுவது, அண்ணத்தில் கருப்பாக ஏதாவது தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் நாடு முழுக்கப் பரவிய கரும்பூஞ்சை நோய், ஸ்டீராய்டு எடுத்த, சர்க்கரை கூடிய பலருக்கு மேல்தாடைப் பல்வலியாகத்தான் முதலில் தலைகாட்டியது. உங்கள் அளவில் அது மிக அபூர்வம், பயமுறுத்தச் சொல்லவில்லை. அறிகுறி தெரிந்திருப்பது நல்லது.

நாக்கிலோ கன்னத்தின் உட்புறமோ, சுரண்டினால் வரும் வெள்ளைப் படலம் இருந்து காரம் எரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். வாயில் தடவும் க்ளோட்ரிமசோல் மருந்திலேயே பலருக்குச் சரியாகிவிடும், ஆனால் டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும். மெத்தோட்ரெக்சேட்டும் வாய்ப்புண் தரும். இரண்டையும் கூச்சத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். (ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கும் வாசகர்கள் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். இந்தப் பூஞ்சை பெரிதும் குறையும்.)

பேஸ்ட் பற்றிக் கேட்டீர்கள். விளம்பரத்தைப் பார்க்காமல் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் என்று இருந்தால் அது நரம்பைத் தணிக்கும் வகை. ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினின் போன்றவை குழாயின் வாயை அடைக்கும் வகை. இரண்டில் எதுவானாலும் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் அளவாவது இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பட்டாணி அளவு போதும். இரவில் துலக்கி முடித்ததும், கூசும் இடத்தில் இன்னும் கொஞ்சம் பேஸ்டை விரலால் தடவி அப்படியே விடுங்கள். நுரையைத் துப்புங்கள், ஆனால் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பலர் மூன்றே நாளில் 'இது வேலை செய்யவில்லை' என்று மாற்றிவிடுகிறார்கள். பொட்டாசியம் நைட்ரேட் வகைக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் கொடுக்க வேண்டும். நான்கு வாரத்திலும் அசையவில்லை என்றால் பேஸ்டைக் குறை சொல்லாமல் பல்லைக் காட்டுங்கள்.

பல்பொடி, கரி, உப்பு, பல்லை வெளுப்பாக்கும் பேஸ்ட் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். ஏற்கெனவே திறந்த குழாய்களை இவை இன்னும் தேய்க்கும். கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொல்வார்கள். நேரடியாகப் பட்டால் ஈறு வெந்துபோகும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அந்தப் புண் ஆறவும் நாளாகும்.

சாப்பாட்டில் புளிக்குழம்பையும் ரசத்தையும் விட வேண்டியதில்லை, சோற்றோடு சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். எலுமிச்சை ஜூஸையும் குளிர்பானத்தையும் மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பதுதான் பல்லைத் தின்னும். புளிப்பு சாப்பிட்டால் சாதாரணத் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிரஷைத் தொடாதீர்கள், ஏனென்றால் அப்போது எனாமலின் மேற்பரப்பு இளகியிருக்கும். புளியேப்பம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பலாம். வாய் வறண்டால் மிட்டாய் சப்பாதீர்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் உமிழ்நீரைத் தூண்டும், ஆனால் தாடை மூட்டிலும் வலி இருந்தால் அது வேண்டாம். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள்.

கூச்சத்துக்குப் பயந்து, அலெண்ட்ரோனேட்டைக் கொஞ்சம் தண்ணீரில் விழுங்குகிறீர்களா? அது கூடாது. வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் முழுக்கச் சாதாரணத் தண்ணீர் வேண்டும், பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. தண்ணீரை வெதுவெதுப்பாக்கிக் குடித்தால் கூசாது. மாத்திரையைச் சப்பவோ கடிக்கவோ வேண்டாம், வாயிலும் தொண்டையிலும் புண்ணாகும்.

பல் மருத்துவரிடம் போகும்போது எல்லா மருந்துச் சீட்டையும் கொண்டுபோங்கள். காலை நேரத்தில், சாப்பிட்டு, அன்றைய பிரெட்னிசலோனைப் போட்டுக்கொண்டு போங்கள். பல் சுத்தம் செய்வது, பள்ளத்தை அடைப்பது, ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவது போன்றவற்றுக்குப் பொதுவாகக் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படாது. அந்த ஈறோரப் பள்ளத்தை கிளாஸ் அயனோமர் போன்ற பொருளால் அடைத்துவிட்டால் அந்தப் பல்லில் கூச்சம் பெரும்பாலும் அன்றே குறைந்துவிடும். பல் பிடுங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தி, 'நான் அலெண்ட்ரோனேட் எடுக்கிறேன்' என்று சொல்லுங்கள். இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவது 2003 முதல் மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. உங்கள் மாதிரி சில மாதமே எடுப்பவர்களுக்கு அது அபூர்வம்தான், ஆனால் ஸ்டீராய்டும் சேர்ந்திருப்பதால் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்றுவதே மேல். ஆன்டிபயாட்டிக் எழுதுவதாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டையும் நினைவூட்டுங்கள். கோட்ரிமாக்சசோல் அதோடு சேர்ந்தால் ரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும், பென்சிலின் வகையிலும் கவனம் வேண்டும்.

எட்டு மாதத்தில் சர்க்கரையை எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. பல் மருத்துவரிடம் போவதற்கு முன்பே வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு பரிசோதனை எடுத்து, அந்தக் காகிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள். காலையில் பிரெட்னிசலோன் எடுப்பவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருந்து, மதியத்துக்கு மேல்தான் ஏறும். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.