அம்மா அப்பாவை மார்கழியில் கூப்பிடாதீர்கள், தம்பி

சுவிஸ் நாட்டுப் பேர்ணுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா அப்பாவைக் கூப்பிட ஆசை, அவர்களுக்கு ஸ்னோ காட்ட வேண்டும், டிசம்பர் லீவில் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் தம்பி. செப்டம்பரில் கூப்பிடுங்கள்.

நானும் என் அம்மாவை ஒரு டிசம்பரில்தான் எடுத்தேன். வந்து பன்னிரண்டு நாள் அவர் சூரியனையே காணவில்லை. பேர்ண், சூரிச் எல்லாம் ஜூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் நடுவிலுள்ள தாழ்வில் இருக்கின்றன. குளிர்காலத்தில் கனத்த குளிர்காற்று அதற்குள் இறங்கித் தேங்கிவிடும். மேலே மூடுபனி, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். காலை எட்டு மணிக்குத்தான் விடியும், பின்னேரம் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். நகரத்துக்குள் ஸ்னோ விழுந்தாலும் பல தடவை இரண்டு நாளில் கரைந்து சேறாகிவிடும். அம்மா யன்னலோரம் ஹீட்டரில் கையை வைத்துக்கொண்டு, "இண்டைக்கும் விடியேல்லையோ?" என்று கேட்பார். எனக்கு நெஞ்சு கனக்கும்.

பதின்மூன்றாம் நாள் தூன் ஏரிக்கு மேலே நீடர்ஹோர்ன் மலைக்குக் கூட்டிப் போனேன். மூடுபனிக்குள் கேபிள் கார் ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டென்று வெளியே வந்தோம். நீல வானம், கீழே பஞ்சுக் கடல், எதிரே ஐகர், யுங்ஃபிராவ் சிகரங்கள். அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுச் சூரியனைக் கும்பிட்டார். அன்றைக்கு மேலேதான் சூடு, கீழேதான் குளிர்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த நாட்டில் மாதத்தோடு உயரத்தையும் பாருங்கள். சாதாரண நாட்களில் 1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை குறையும். யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் நிலையம் 3,454 மீற்றர் உயரம்; அங்கே நடுக்கோடையிலும் ஸ்னோ கிடக்கும். ஸ்னோவுக்காக டிசம்பர் வரை காத்திருக்கவே தேவையில்லை.

செப்டம்பர் தொடக்கத்தில் பகலில் 20 பாகை அளவில் இருக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும். ஜூலை, ஓகஸ்ட் பின்னேரங்களில் வரும் இடிமழையும் குறைந்துவிடும். ஃபுர்க்கா, கிரிம்சல் மலைப்பாதைகள் திறந்திருக்கும். மேய்ச்சலுக்கு மேலே போன மாடுகளைத் தலையில் பூ வைத்து, பெரிய மணி கட்டி ஊருக்குள் இறக்குவதும் அப்போதுதான். மாடு வளர்த்த வீட்டு ஆட்களுக்கு அதைக் காட்டிப் பாருங்கள், கண் கலங்குவார்கள்.

செப்டம்பர் சரிவராவிட்டால் ஜூன். மலைமேல் ஸ்னோ உருகி லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு அருவிகள் நிறைந்து விழும், இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இங்குள்ள நம் கோயில் தேர்த் திருவிழா பார்க்க வேண்டுமென்றால் ஜூலை பக்கம் வரலாம், ஆனால் வெக்கை நாட்களில் வீட்டில் ஏசி இருக்காது. நவம்பர் மட்டும் வேண்டாம். கீழே மூடுபனி தொடங்கிவிடும், மேலே நிறையக் கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுவார்கள்.

விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், இழுத்தடிக்காதீர்கள். அப்பாவுக்குப் பிரஷர், இருதய வருத்தம் ஏதும் இருந்தால் யுங்ஃபிராவ்யோக்குக்கு முன் டொக்டரிடம் கேளுங்கள். மேலே ஒக்சிசன் மூன்றில் ஒரு பங்கு குறைவு. சப்பாத்தை ஊரில் வாங்க விடாதீர்கள். வந்த மறுநாளே கடைக்குக் கூட்டிப்போய், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, வழுக்காத அடியுள்ளதாக வாங்கிக் கொடுங்கள்.